காப்பரா, ஃபைபரா? உங்க ரீசார்ஜ்ல இருந்து போற 12 ரூபாயும் வீட்டு நெட் கணக்கும்



"நெட் லைன் எதுவா இருந்தா என்ன, படம் ஓடினா போதாதா?" என்று கேட்கிறவங்க நிறைய பேர். படம் பார்க்க மட்டும்னா போதும்தான். ஆனா நாகர்கோவில்லயோ தக்கலையிலயோ மார்த்தாண்டத்துலயோ சொந்த வீட்டில் உட்கார்ந்து பெங்களூரு கம்பெனிக்கு வேலை பார்க்கிறீங்கன்னா, உங்களுக்கு அந்த லைன்தான் ஆபீஸ். லைன் கட் ஆனா அன்னைக்கு லீவு. லீவு தீர்ந்துபோச்சுன்னா சம்பளத்தில் பிடித்தம்.

காப்பர் கம்பியா, ஃபைபரா என்கிற சண்டை உலகம் முழுக்க நடந்த ஒன்று. இது இன்ஜினியர்கள் மட்டும் பேசுற விஷயம் மாதிரி தெரியும். உண்மையில் இது ஒரு பணக் கணக்கு. நீங்க ஃபைபர் எடுத்தாலும் எடுக்காட்டியும் அந்தக் கணக்கில் உங்க காசும் இருக்கு. அங்கிருந்தே ஆரம்பிப்போம்.

உங்க ரீசார்ஜில் ஒரு 12 ரூபாய்

மொபைலுக்கு 299 ரூபாய் ரீசார்ஜ் பண்றீங்கன்னு வைங்க. அதில் 18% ஜிஎஸ்டி சுமார் 46 ரூபாய். மீதி 253 ரூபாய் கம்பெனிக்கு. கம்பெனி தன் வருமானத்தில், சில கழிவுகள் போக, 8% லைசென்ஸ் கட்டணமாக மத்திய அரசுக்குக் கட்டணும். அந்த 8-இல் 3 அரசின் பொதுக் கணக்குக்கு, மீதி 5 ஒரு தனி நிதிக்கு. முன்பு அதன் பெயர் யூனிவர்சல் சர்வீஸ் ஆப்ளிகேஷன் ஃபண்ட், இப்போ டிஜிட்டல் பாரத் நிதி. 253-இல் 5% என்றால் ஏறக்குறைய 12 ரூபாய் சொச்சம். ஒவ்வொரு ரீசார்ஜுக்கும் இது போகுது.

இந்த நிதியில் இருந்துதான் கிராமங்களுக்கு ஃபைபர் போடுற பாரத்நெட் திட்டத்துக்குப் பணம் வருது. 2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தப்போ அதன் பெயர் நேஷனல் ஆப்டிகல் ஃபைபர் நெட்வொர்க். இலக்கு, நாட்டின் சுமார் 2.5 லட்சம் கிராம ஊராட்சிகள். இரண்டு வருஷத்தில் முடிப்போம்னு சொன்னாங்க. முதல் 1 லட்சம் ஊராட்சிகளைத் தொடவே 2017 டிசம்பர் ஆகிடுச்சு. 2023 ஆகஸ்டில் திருத்திய திட்டத்துக்கு ஒதுக்கிய தொகை சுமார் 1.39 லட்சம் கோடி ரூபாய்.

தமிழ்நாட்டில் இதைச் செய்றது தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகம், சுருக்கமா டான்ஃபினெட். 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் 1 ஜிபிபிஎஸ் இணைப்பு கொடுப்பது திட்டம். 2023-இல் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் இந்த வேலையைத் தொடங்கி வைத்த இடம் எது தெரியுமா? நம்ம தக்கலை பக்கம் முத்தலக்குறிச்சி ஊராட்சி.

இவ்வளவு காசு கொட்டி புதுசா ஃபைபர் போடுறதுக்குப் பதில், ஊர் ஊராக ஏற்கனவே கிடக்கிற காப்பர் டெலிபோன் கம்பியையே சரிபண்ணி ஓட்டியிருக்கக் கூடாதா? நியாயமான கேள்விதான்.

காப்பர் கட்சியின் வாதம்

காப்பருக்கு மூன்று நல்ல குணங்கள் உண்டு.

ஒண்ணு, அது ஏற்கனவே போட்டு வைத்தது. பிஎஸ்என்எல் 2005 ஜனவரியில் பிராட்பேண்ட் தொடங்கினப்போ புதுசா கம்பி இழுக்கல. லேண்ட்லைன் கம்பியிலேயே ஒரு மோடத்தை மாட்டிக் கொடுத்தாங்க. அன்றைய அரசுக் கொள்கைப்படி 256 கேபிபிஎஸ் இருந்தாலே பிராட்பேண்ட். அந்த வரையறை 2013-இல் 512 கேபிபிஎஸ் ஆச்சு, 2023-இல் 2 எம்பிபிஎஸ் ஆச்சு.

ரெண்டு, லேண்ட்லைன் போனுக்கு வேண்டிய கரண்ட் எக்ஸ்சேஞ்சில் இருந்தே கம்பி வழியா வரும். வீட்டில் கரண்ட் இல்லாட்டியும் போன் பேசும். ஃபைபர் என்பது கண்ணாடி, அதில் மின்சாரம் வராது. வீட்டில் கரண்ட் போனா மோடமும் படுத்துடும்.

மூணு, காப்பர் அறுந்தா முறுக்கிச் சேர்த்து டேப் சுற்றலாம். ஃபைபர் அறுந்தா ஸ்ப்ளைசிங் மெஷினோடு ஆள் வரணும்.

ஆனா காப்பருக்கு ஒரு பெரிய வியாதி இருக்கு: தூரம். எக்ஸ்சேஞ்ச் பக்கத்திலேயே வீடு இருந்தா ஏடிஎஸ்எல்-லில் 20 எம்பிபிஎஸ் தாண்டி கூட வரும். நாலைந்து கிலோமீட்டர் தள்ளிப் போனா ஒன்றிரண்டு எம்பிபிஎஸ்க்கே திண்டாட்டம். விடிஎஸ்எல் என்று அடுத்த தலைமுறை வந்தது. அதில் 100 எம்பிபிஎஸ் கிடைக்கும், ஆனா சில நூறு மீட்டருக்குள் மட்டும். அப்படின்னா தெருவுக்குத் தெரு பெட்டி வைக்கணும், பெட்டிக்குப் பெட்டி கரண்ட் கொடுக்கணும், பெட்டி வரைக்கும் எப்படியும் ஃபைபர்தான் போடணும்.

நம்ம மாவட்டத்துக்கு இன்னொரு கஷ்டமும் சேர்ந்துக்கும். ஒரு பக்கம் கடல் உப்புக் காற்று, வருஷத்துக்கு ரெண்டு மழைக்காலம். காப்பர் ஜாயின்ட்டுக்குள் ஈரம் இறங்கினா பச்சை பூத்திடும், லைனில் கரகரன்னு சத்தம் வரும். அதைத் தேடிச் சரிபண்ண லைன்மேன் வேணும். 2020 ஜனவரி 31-ஆம் தேதி ஒரே நாளில் பிஎஸ்என்எல்-இல் இருந்து சுமார் 78,500 பேர் விருப்ப ஓய்வில் போனாங்க. ஆள் பலத்தை நம்பி ஓடுற கம்பிக்கு ஆள் இல்லைன்னா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்லை.

"மலிவா முடிக்கிறோம்" என்ற ஆஸ்திரேலியா

இந்தக் கணக்கை நிஜமாவே போட்டுப் பார்த்த நாடு ஆஸ்திரேலியா. 2009-இல் அங்கிருந்த லேபர் அரசு, பத்தில் ஒன்பது வீடுகளுக்கு வாசல் வரை ஃபைபர்னு அறிவிச்சது. வேலை மெதுவா நகர்ந்தது, செலவும் கூடும்னு விமர்சனம் வந்தது. 2013 தேர்தலில் எதிர்க்கட்சி ஒரு மலிவான திட்டத்தோடு வந்தாங்க: தெருப் பெட்டி வரைக்கும் ஃபைபர், அதுக்கப்புறம் பழைய காப்பர். 29.5 பில்லியன் டாலர் போதும், 2016-க்குள் எல்லாருக்கும் குறைந்தது 25 எம்பிபிஎஸ் என்று வாக்குறுதி.

ஜெயிச்சாங்க. காப்பரை எடுத்து ஓட்டினாங்க. 2020 வாக்கில் கட்டி முடிச்சப்போ மொத்தச் செலவு 50 பில்லியன் டாலரைத் தாண்டிடுச்சு. அதே 2020 செப்டம்பரில், காப்பர் வைத்த லட்சக்கணக்கான வீடுகளுக்குத் திரும்ப ஃபைபர் கொடுக்க 4.5 பில்லியன் டாலர் திட்டம் ஒன்றையும் அறிவிச்சாங்க. முழு ஃபைபர் திட்டமும் சொன்ன விலையில் முடிஞ்சிருக்கும்னு சொல்ல முடியாது. ஆனா அதுக்கு இரண்டாம் தடவை தெருவைத் தோண்ட வேண்டியிருக்காது.

இதில் நமக்கு உள்ள பாடம்: வாங்கும் விலை வேற, வைத்திருக்கும் செலவு வேற. கேபிள் நெட்வொர்க்கில் பெரிய செலவு கேபிளே இல்லை. பள்ளம் தோண்டுறது, கம்பம் ஏத்துறது, அனுமதி, கூலி இதெல்லாம்தான். கண்ணாடி இழையை ஒரு தடவை போட்டா, வேகம் கூட்ட இரண்டு முனையில் உள்ள மெஷினை மாற்றினா போதும். இன்று வீடுகளுக்கு வரும் ஜிபான் முறையில் ஒரு இழையில் 2.5 ஜிபிபிஎஸ் வந்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரியுது. அதே இழையில் நாளைக்கு 10 ஜிபிபிஎஸ் ஓட்டலாம். நடுவில் கரண்ட் வேண்டாம், 20 கிலோமீட்டர் வரைக்கும் பிரச்சினை இல்லை.

குமரி மாவட்டத்துக்கு இந்தக் கணக்கு எப்படி?

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி நம்ம மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். ஓர் ஊர் எங்க முடியுது, அடுத்த ஊர் எங்க தொடங்குதுன்னே தெரியாது. ஃபைபருக்கு இது நல்ல செய்தி. ஒரே கிலோமீட்டர் கேபிளில் நிறைய வீடு கிடைக்கும், வீட்டுக்கு வீடு செலவு குறையும்.

ஆனா ரெண்டு விஷயத்தைக் கவனிக்கணும்.

முதலாவது, பாரத்நெட் கணக்கில் வருவது கிராம ஊராட்சி. நம்ம மாவட்டத்தில் கிராம ஊராட்சிகள் 95 தான். அதே 2011 கணக்கில் மாவட்ட மக்களில் 82% பேர் நகர்ப்புறவாசிகள். காரணம், மற்ற மாவட்டத்தில் கிராமம்னு சொல்லக்கூடிய ஊரெல்லாம் இங்கே பேரூராட்சி. "ஊருக்கு அரசு ஃபைபர் வந்தாச்சு" என்ற செய்தியைப் படிச்சா, உங்க வீடு ஊராட்சியில் இருக்கா பேரூராட்சியில் இருக்கான்னு பாருங்க. ஊராட்சியாவே இருந்தாலும், ஊராட்சி இடம் வரைக்கும் கேபிள் வருவது ஒரு கதை, அங்கிருந்து உங்க வாசலுக்கு வருவது வேறொரு கதை. அந்தக் கடைசிக் கொஞ்ச தூரத்தில்தான் இந்தியா முழுக்கத் திட்டம் திணறுது.

இரண்டாவது, தமிழ்நாட்டில் இந்தக் கேபிளில் பெரும்பகுதி மண்ணுக்கு அடியில் இல்லை, மின்கம்பத்தில் போகுது. செலவும் நாளும் மிச்சம். ஆனா 2017 நவம்பர் 30 ஞாபகம் இருக்கா? ஒக்கி புயலில் மாவட்டம் முழுக்க ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ஞ்சது, பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. கண்ணாடி துருப்பிடிக்காதுதான். கம்பம் விழுந்தா அதுவும் சேர்ந்து விழும். இங்கேயும் முதல் விலையில் மிச்சம் பிடிச்சதை ஒரு புயல் திருப்பிக் கேட்கலாம்.

இப்போ உங்க வீட்டுக் கணக்கு

ஓர் உதாரணம் போடுவோம். எண்களை உங்க ஊர் விலைக்கு மாத்திக்கோங்க.

மலிவான லைன்: மாதம் 400 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்து 472. வருஷத்துக்கு 5,664.

நல்ல ஃபைபர் லைன்: மாதம் 600 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்து 708. வருஷத்துக்கு 8,496.

வித்தியாசம் வருஷத்துக்கு 2,832 ரூபாய். உங்க சம்பளம் 40,000 என்றால் ஒரு நாள் சம்பளம் சுமார் 1,333. மலிவான லைன் சொதப்பி வருஷத்தில் 3 நாள் 'லாஸ் ஆஃப் பே' ஆனாலே 4,000 ரூபாய் காலி. மிச்சம் பிடிச்சதை விட அதிகமா போயாச்சு. நடுவில் போட்ட டேட்டா டாப்-அப் காசை நான் சேர்க்கவே இல்லை.

அதே நேரம் எதிர்ப்பக்கமும் சொல்லணும். வீட்டில் யாரும் நெட்டை நம்பி வேலை பார்க்கலையா? மாதம் ஒரு மொபைல் ரீசார்ஜிலேயே எல்லாம் முடியுதா? அப்போ "ஃபைபர் தான் நல்லது"ன்னு 300 எம்பிபிஎஸ் பிளான் எடுத்து வைப்பதும் வீண் செலவுதான். வீடியோ மீட்டிங்குக்குச் சில எம்பிபிஎஸ் போதும். வேகத்தை விட, கட் ஆகாமல் இருப்பதுக்குக் காசு கொடுங்க.

லைன் எடுக்கும் முன் கேட்க வேண்டியவை

1. வீட்டுக்குள் நுழையும் வயர் எது? கம்பம் வரை ஃபைபர், அங்கிருந்து வீட்டுக்கு சாதா லேன் கேபிள் இழுத்துட்டு "ஃபைபர் நெட்" என்று விற்பதும் உண்டு. லேன் கேபிளுக்குள்ள இருக்கிறது காப்பர். இடி மின்னலில் அதன் வழியா ரவுட்டர் போகும் அபாயமும் இருக்கு. மெல்லிய கண்ணாடி இழை நேரா வீட்டுப் பெட்டியில் ஏறுதான்னு பாருங்க.

2. பெயரை நம்பாதீங்க. ஏர்ஃபைபர் என்பது மாடியில் வைக்கும் ஆன்டெனா வழியா வரும் வயர்லெஸ். கேபிள் வராத இடத்துக்கு நல்ல வழிதான், ஆனா அது ஃபைபர் இல்லை.

3. அறுந்தா யார் வருவா, எத்தனை மணி நேரத்தில்? கடைக்காரர்கிட்ட கேட்காதீங்க. அதே தெருவில் அந்த லைன் வைத்திருக்கும் அண்ணாச்சியிடம், அக்காவிடம் கேளுங்க. போன மழையில் எத்தனை நாள் போச்சுன்னு சரியா சொல்லுவாங்க.

4. அப்லோட் வேகம் எவ்வளவு? டவுன்லோடை மட்டும் பெருசா போடுவாங்க. மீட்டிங்கில் உங்க குரல் போவது அப்லோடில்.

5. ரவுட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வாங்குங்க. ஃபைபரில் கரண்ட் வராது, அந்தக் குறையை நாமதான் நிரப்பணும்.

6. வருஷ பிளானை முதல் நாளே கட்டாதீங்க. ஒரு மாதம் ஓட்டிப் பாருங்க, முடிஞ்சா ஒரு மழைக்காலம் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

காப்பரா ஃபைபரான்னு ஒரு நாடு யோசிக்கும்போது கேட்க வேண்டியது, "பத்து வருஷத்துக்கு மொத்தம் எவ்வளவு?" என்ற ஒரே கேள்விதான். பைக் வாங்கும்போதும் இன்ஷூரன்ஸ் எடுக்கும்போதும் நீங்க கேட்க வேண்டியதும் அதேதான்.

உங்க ஊரில் எந்த லைன், மழையில் எத்தனை நாள் நிக்குது, மாதம் எவ்வளவு கட்டுறீங்க? ஊர் பெயரோடு கமென்ட்ல போடுங்க மக்கா. நிறைய ஊர் சேர்ந்தா அதையே ஒரு பட்டியலா போட்டு அடுத்த வீடியோவில் பேசுவோம்.