சாக்கடைக்கு அப்பால்

பெங்களூரில் முலாம் பட்டறையோ சாயப் பட்டறையோ நடத்தும் நாம், கழிவு நீர் பாதாளச் சாக்கடையில் இறங்கியதும் நம் பொறுப்பு தீர்ந்ததென எண்ணலாகாது. 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டப்படி, அதற்கு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வேண்டும். எண்ணெயும் கொழுப்பும் விதித்த வரம்புக்கு மேற்படலாகாது. அமில காரக் குறியீடும் விதித்த வரம்புக்குள் நிற்க வேண்டும்.

காரணம் உண்டு. சுத்திகரிப்பு நிலையத்தில் அழுக்கைத் தின்று நீரைத் தெளிவிப்பவை நுண்ணுயிர்கள். அமிலமும் உலோகமும் அவற்றைக் கொல்லும். தெளியாத நீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வழியே தென்பெண்ணையை அடைகிறது. ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் அது நுரையாய்ப் பொங்கியதை நாம் அறிவோம்.

பட்டறையிலேயே சுண்ணாம்பிட்டால் அமிலம் தணியும். உலோகம் பெரும்பாலும் வண்டலாய்ப் படியும். அவ்வாறு செய்து விடும் நீரே, ஆற்றோரம் பயிரிடும் நம் உறவினருக்கு நாம் செய்யும் நீதியாகும்.