மதுவவழிக் கல்லீரல் அழற்சி-பி தடுப்பூசி

மதுவவழிக் கல்லீரல் அழற்சி-பி தடுப்பூசி என்பது, ஈஸ்ட் எனப்படும் மதுவத்தின் கலங்களுள் தீநுண்மம் ஒன்றின் மரபணுவைப் புகுத்தி, அக்கலங்கள் ஆக்கித்தரும் புரதத்திலிருந்து தயாரிக்கப்படும் தடுப்பூசி ஆகும். மெர்க் நிறுவனத்தின் இத்தகைய தடுப்பூசி 1986 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மரபணுப் பொறியியல் மூலம் உருவாகி மனிதப் பயன்பாட்டுக்கு வந்த முதல் தடுப்பூசி இதுவே.

பின்னணி

பிறக்கும்போது தாயிடமிருந்து இத்தீநுண்மம் தொற்றும் குழந்தைகளுள் ஏறத்தாழ 90 விழுக்காட்டினருக்குத் தொற்று நாட்பட்டதாக நிலைத்துவிடுகிறது. பின்னாளில் அது கல்லீரல் புற்றுநோயில் முடியக்கூடும். ஆகவே பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் தடுப்பூசி தேவை.

ஆனால் இத்தீநுண்மத்தை ஆய்வுக்கூடத்தில் வளர்ப்பது மிகக் கடினம். 1981 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற முந்தைய தடுப்பூசி, தொற்று உள்ளவர்களின் குருதியிலிருந்தே எடுக்கப்பட்டது. அக்குருதியில் தீநுண்மத்தின் மேலுறைப் புரதம் மட்டும் திரண்ட, 22 நானோமீட்டர் அளவுள்ள வெற்றுத் துகள்கள் ஏராளமாக இருக்கும். அவற்றைப் பிரித்து, வேதிப்பொருட்களால் தூய்மையாக்கிப் பயன்படுத்தினர். மருந்து பாதுகாப்பானதே. எனினும் எயிட்சு நோய் அறியப்படத் தொடங்கிய காலம் அது. குருதியிலிருந்து வந்த ஊசியை ஏற்கப் பலர் தயங்கினர். கிடைக்கும் குருதியின் அளவே உற்பத்திக்கும் எல்லையாக இருந்தது.

மதுவத்தின் தெரிவு

மரபணுவைப் புகுத்துவது கணினியில் நிரலை ஏற்றுவது போன்றது எனச் சிலர் விளக்குவர். இவ்வுவமை ஓரளவே பொருந்தும். ஒரே மரபணு வெவ்வேறு கலங்களில் வெவ்வேறு விளைவைத் தரும். ஈ. கோலை பாக்டீரியா மனித இன்சுலினை நன்கு ஆக்கியது. மேலுறைப் புரதத்திலோ அதனால் பயனுள்ள துகள்கள் கிடைக்கவில்லை. தனிப் புரதத்தைவிடத் துகளாகத் திரண்ட புரதமே நோயெதிர்ப்பை வலுவாகத் தூண்டும் என்பதால் இது பெருங்குறையாகும்.

மதுவமோ நம் கலங்களைப் போலவே கருவும் உட்சவ்வுகளும் கொண்டது. ரொட்டியை உப்பச்செய்யும் மதுவ இனம் இத்துகள்களை ஆக்குவதை 1982 இல் பாப்லோ வலென்சுவேலா, வில்லியம் ரட்டர், பெஞ்சமின் ஹால் ஆகியோர் அடங்கிய குழு நேச்சர் இதழில் வெளியிட்டது.

செயல்முறை

226 அமினோ அமிலங்கள் கொண்ட இப்புரதத்தின் மரபணு, மதுவத்தின் சொந்த மரபணுத் தொடக்கி ஒன்றுடன் இணைக்கப்பட்டுக் கலத்துள் செலுத்தப்படுகிறது. தொட்டிகளில் பெருகிய கலங்கள் உடைக்கப்பட்டு, துகள்கள் பிரிக்கப்பட்டு, அலுமினிய உப்புடன் சேர்க்கப்படுகின்றன. முழுத் தீநுண்மம் எக்கட்டத்திலும் இடம்பெறுவதில்லை; ஆதலால் ஊசியால் நோய் தொற்ற வழியே இல்லை.

வரம்பு

மதுவம் புரதங்களின்மீது மானோசுச் சர்க்கரையை மிகுதியாகச் சேர்க்கும் இயல்புடையது. சர்க்கரைச் சங்கிலி சரியாக அமைய வேண்டிய மருந்துப் புரதங்கள் பெரும்பாலும் பாலூட்டிக் கலங்களிலேயே ஆக்கப்படுகின்றன. மதுவத்தில் உருவாகும் மேலுறைப் புரதத்தில் சர்க்கரை சேர்வதில்லை. ஆயினும் தடுப்பாற்றல் கிடைக்கிறது. சர்க்கரைச் சங்கிலியே இல்லாத இன்சுலினும் மதுவத்தில் ஆக்கப்படுகிறது.

இந்தியாவில்

ஐதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்சு நிறுவனம் 1997 இல் சான்வாக்-பி தடுப்பூசியை வெளியிட்டது. இதற்குப் பயன்பட்டது பிக்கியா பாசுடோரிசு என்னும் வேறொரு மதுவம். மெத்தனாலை உண்டு வளரவல்ல இது, தொட்டியில் மெத்தனால் சேர்த்ததும் புரதத்தை ஆக்கத் தொடங்கும். இறக்குமதியான ஊசிகளைவிட இது மிகக் குறைந்த விலையில் விற்கப்பட்டது.