விலைச்சீட்டு சொல்லாத விலை

வீட்டுக்குக் குளிர்பதனப் பெட்டி வாங்கப் பெற்றோருடன் கடைக்குப் போயிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரே அளவில் இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. ஒன்றின் விலை 600 வெள்ளி, மற்றதன் விலை 850 வெள்ளி. "இதுவே போதும்" என்று அம்மா மலிவானதைக் காட்டுகிறார். அவர் சொல்வது சரியா?

விலைச்சீட்டை மட்டும் பார்த்தால் சரிதான். ஆனால், ஒவ்வொரு மின்சாதனத்துக்கும் இரண்டு விலை உண்டு. முதல் விலையைக் கடையில் ஒரே தடவையாகக் கொடுக்கிறோம். இரண்டாவது விலையை மாதந்தோறும் மின்கட்டணத்தோடு சேர்த்துக் கொடுக்கிறோம். இந்த இரண்டாவது விலையைக் கணக்கிட உதவுவதுதான் சாதனத்தின் மீது ஒட்டியிருக்கும் எரிசக்திச் சீட்டு. சிங்கப்பூரில் குளிரூட்டிகளுக்கும் குளிர்பதனப் பெட்டிகளுக்கும் 2008ஆம் ஆண்டு முதல் இது கட்டாயம். டிக் குறிகள் கூடக் கூட, மின்சாரச் செலவு குறையும். மலேசியாவில் இதே வேலையை நட்சத்திரக் குறிகள் செய்கின்றன.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

மின்சாரத்தைக் கிலோவாட்-மணி என்ற அலகில் அளக்கிறோம். 1,000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு கிலோவாட்-மணி. மலிவான பெட்டி ஆண்டுக்கு 450 கிலோவாட்-மணியும், மற்றது 300 கிலோவாட்-மணியும் எடுப்பதாகக் கொள்வோம். வித்தியாசம் 150. ஒரு கிலோவாட்-மணிக்கு 30 காசு என்றால், ஆண்டுக்கு 45 வெள்ளி மிச்சம். கூடுதலாகக் கொடுத்த 250 வெள்ளி ஐந்தரை ஆண்டுகளில் திரும்பிவிடும். பெட்டி பத்து ஆண்டு உழைத்தால், விலை கூடிய பெட்டியே 200 வெள்ளி மலிவு!

ஒரே அளவுள்ள பெட்டிகளுக்குள் ஏன் இந்த வித்தியாசம்? குளிர்பதனப் பெட்டி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது. அதனால்தான் பெட்டியின் பின்புறமோ பக்கவாட்டோ சூடாக இருக்கிறது. சுவரும் கதவு ரப்பரும் வெப்பத்தை நன்றாகத் தடுத்தால், தள்ள வேண்டிய வெப்பம் குறையும். தேவைக்கேற்ப வேகத்தை மாற்றிக்கொள்ளும் இன்வெர்ட்டர் கம்ப்ரசர் இருந்தால், அந்த வேலைக்கு ஆகும் மின்சாரமும் குறையும். குளிரூட்டியும் இதே முறையில்தான் இயங்குகிறது.

இவ்வளவு தெளிவான கணக்கு இருந்தும் பலர் மலிவானதை வாங்குவது ஏன்? அறியாமை என்று சொல்லிவிட முடியாது. பத்து ஆண்டுகளில் 450 வெள்ளி மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆனால், இன்று கையில் அந்த 250 வெள்ளி இருக்க வேண்டுமே! வருமானம் குறைந்த குடும்பம் முதல் விலையில் மிச்சம் பிடித்து, இரண்டாவது விலையில் அதைவிட அதிகமாக இழக்கிறது. வசதி உள்ளவருக்கு மின்கட்டணம் குறைகிறது, வசதி இல்லாதவருக்குக் கூடுகிறது.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் ஊக்கத்தொகை. சிங்கப்பூர் 2020 நவம்பரில் ஓரறை முதல் மூவறை வரையிலான வீவக வீடுகளுக்கு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. மின்சாரத்தைச் சேமிக்கும் குளிர்பதனப் பெட்டி வாங்க 150 வெள்ளி, எல்இடி விளக்குக்கு 25 வெள்ளி, தண்ணீரைச் சேமிக்கும் ஷவருக்கு 50 வெள்ளி மதிப்புள்ள பற்றுச்சீட்டுகள் வழங்கப்பட்டன. முதலில் யாருக்கு உதவி போனது என்பதைக் கவனியுங்கள். 2024 ஏப்ரலில் திட்டம் எல்லா வீவக வீடுகளுக்கும் விரிவடைந்து, தொகை 300 வெள்ளி ஆனது. மலேசியாவும் 2021இல் 4 அல்லது 5 நட்சத்திரம் பெற்ற குளிரூட்டி, குளிர்பதனப் பெட்டி வாங்கியவர்களுக்கு 200 ரிங்கிட் கழிவு தந்தது.

சரி, மின்சாரத்துக்கான திட்டத்தில் ஷவருக்கு என்ன வேலை? சிங்கப்பூரில் தண்ணீருக்கும் மின்சாரம் தேவை. கடல்நீரைக் குடிநீராக்க, ஒரு கன மீட்டருக்குச் சுமார் 3.5 கிலோவாட்-மணி செலவாகிறது. நிமிடத்துக்கு 9 லிட்டர் கொட்டும் ஷவரில் ஐந்து நிமிடம் குளித்தால் 45 லிட்டர். 5 லிட்டர் மட்டும் தரும் மூன்று டிக் ஷவரில் 25 லிட்டர் போதும். நால்வர் தினமும் ஒருமுறை குளிக்கும் வீட்டில், ஆண்டுக்கு 29,000 லிட்டருக்கு மேல் மிச்சம்! வெந்நீர் என்றால், சூடாக்கும் மின்சாரமும் குறையும். 2003இல் சிங்கப்பூர் வீடுகளில் ஒருவர் நாளொன்றுக்கு 165 லிட்டர் பயன்படுத்தினார். 2023இல் அது 141 லிட்டர். 2030க்குள் 130 லிட்டராகக் குறைப்பது இலக்கு.

இனி, சற்று யோசிக்க வேண்டிய விஷயம். புதிய குளிரூட்டி மின்சாரத்தைச் சேமிக்கிறது என்ற தைரியத்தில் அதை 22 டிகிரியில் இரவு முழுவதும் ஓடவிட்டால்? புதிய குளிர்பதனப் பெட்டி வந்த பிறகும், "நன்றாகத்தானே ஓடுகிறது" என்று பழையதைப் பின்கட்டில் வைத்துக்கொண்டால்? மின்கட்டணம் குறையாது, கூடும். இங்கிலாந்துப் பொருளியல் அறிஞர் ஜெவன்ஸ் 1865இலேயே இதைச் சுட்டிக்காட்டினார். நீராவி இயந்திரங்கள் குறைந்த நிலக்கரியில் ஓடத் தொடங்கியதும், நாட்டின் நிலக்கரிப் பயன்பாடு குறையும் என்று பலர் எண்ணினார்கள். நடந்தது வேறு. இயந்திரத்தை ஓட்டும் செலவு குறைந்ததால் மேலும் பலர் அதைப் பயன்படுத்தினார்கள். நிலக்கரியின் தேவை ஏறியது.

ஆகவே, பற்றுச்சீட்டு நல்ல சாதனத்தை வீட்டுக்குக் கொண்டுவரும். அதை எப்படிப் பயன்படுத்துவது என்பது வீட்டில் இருப்பவர்கள் கையில்தான் இருக்கிறது.

செய்து பாருங்கள்: வீட்டில் உள்ள ஒரு மின்சாதனத்தின் வாட் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அது ஒரு நாளில் ஓடும் மணி நேரத்தால் பெருக்கி, 1,000ஆல் வகுத்து, 365ஆல் பெருக்குங்கள். கிடைப்பது ஓராண்டுக்கான கிலோவாட்-மணி. எடுத்துக்காட்டாக, தினம் ஐந்து மணி நேரம் எரியும் 60 வாட் குண்டு பல்புக்குப் பதில் 9 வாட் எல்இடி போட்டால், ஆண்டுக்குச் சுமார் 93 கிலோவாட்-மணி, அதாவது 28 வெள்ளி மிச்சம். அடுத்த முறை அம்மா "இதுவே போதும்" என்று சொல்லும்போது, இந்தக் கணக்கை அவருக்குப் போட்டுக் காட்டுங்கள்.