தாத்தா ஏன் பேப்பரை மடிச்சு வெச்சார்?

உங்க வீட்ல காலையில பேப்பருக்கு முதல் ஆளா வந்து நிற்கிற தாத்தா, இப்ப தலைப்பை மட்டும் பார்த்துட்டு மடிச்சு வெச்சுடறாரா? பாட்டி, 'காபியை நீயே போட்டுக்கோடா' என்கிறாரா? 'வயசாயிடுச்சுல்ல'ன்னு சொல்லிட்டு பஸ் பிடிக்க ஓடாதீங்க பாஸ்.

முதல்ல கண் டாக்டர். கண்புரைன்னா ஆபரேஷன் இருக்கு. சில பேருக்குக் கண்ணாடியை மாத்தினாலே போதும். ஆனா, 'போன பார்வை திரும்பாது'ன்னு டாக்டர் சொன்னா, வீட்ல நாம என்ன பண்றோம்? 'இனி இவரால ஒண்ணும் முடியாது'ன்னு முடிவு கட்டி, மூலையில உட்கார வெச்சுடறோம். பார்வை குறைஞ்சிருக்கு, அவ்வளவுதான். மிச்சமிருக்கிற பார்வையை வெச்சே அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குறதும் ஆக்குபேஷனல் தெரபியோட வேலை. பேரைப் பார்த்து வேலைவாய்ப்பு ஆபீஸ்னு நினைச்சுடாதீங்க. குளிக்கிறது, சமைக்கிறது, சில்லறை எண்ணுறது எல்லாமே இங்கே 'ஆக்குபேஷன்'தான்!

விழித்திரையின் மையப்பகுதி பாதிச்சவங்களுக்கு நேரே இருக்கிற உங்க முகம் மங்கலா இருக்கும். ஓரத்துல கிடக்கிற செருப்பு தெரியும். 'என்னைத் தெரியலை, செருப்பு தெரியுதா?'ன்னு கலாய்க்காதீங்க. பார்வையைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பிப் பார்க்கிறதுக்குன்னே பயிற்சி இருக்கு. கிளாக்கோமா முற்றினவங்களுக்கு இது அப்படியே தலைகீழ். நடுவுல தெரியும், ஓரம் போயிடும். வாசல்ல நீங்க போட்ட பேக் காலைத் தடுக்கும்.

கிச்சனுக்கு வாங்க. எவர்சில்வர் தட்டுல டியூப்லைட் பளபளக்க, அதுல தயிர்சாதம். எங்கே சோறு, எங்கே தட்டு? அதையே வாழையிலையில போட்டா பளிச்! பாலுக்குக் கறுப்பு கப், டிகாக்‌ஷனுக்கு வெள்ளை கப். ஸ்டவ் திருகுல 'ஆஃப்' இருக்கிற இடத்துல ஃபேப்ரிக் பெயிண்ட்டால மேடா ஒரு புள்ளி வெச்சா, விரலே பார்த்துக்கும். காலை மாத்திரை டப்பாவுக்கு ஒரு ரப்பர் பேண்டு, ராத்திரிக்கு ரெண்டு. படிக்கட்டு விளிம்புல மஞ்சள் பட்டை. செலவு? உங்க ஒரு வார டீக்காசுக்குள்ள அடங்கிடும்.

விளக்கு விஷயத்துல பிசிக்ஸ் உதவும். தூரத்தைப் பாதியாக்கினா வெளிச்சம் நாலு மடங்கு. அதனால உச்சியில எரியற லைட்டை விட, பக்கத்துல ஒரு டேபிள் லேம்ப் பெட்டர். கண்ணுல அடிக்காம, பேப்பர் மேல விழணும். ரூபாய் நோட்டுக்கு, ரிசர்வ் வங்கி 2020-ல வெளியிட்ட 'மணி' ஆப் இருக்கு. கேமராவைக் காட்டினா எத்தனை ரூபாய்னு சொல்லும்.

இன்னொண்ணு. பார்வை குறைஞ்ச சிலருக்கு இல்லாத ஆட்கள், பூக்கள், கட்டங்கள் எல்லாம் தெரியும். பயத்துல வெளியே சொல்ல மாட்டாங்க. 1760-லயே ஜெனீவாவின் சார்ல்ஸ் போனே தன் தாத்தாவுக்கு இப்படி ஆனதை எழுதி வெச்சார். அவர் பேராலேயே இதை 'சார்ல்ஸ் போனே சிண்ட்ரோம்' என்கிறாங்க. பார்வை குறைஞ்சதால மூளை தானே வரையற படம் அது, பைத்தியம் இல்லை. டாக்டர்கிட்ட தைரியமா சொல்லச் சொல்லுங்க.

முக்கியமா, பாட்டி கையில இருந்து கரண்டியைப் பிடுங்காதீங்க. 'எதையெல்லாம் செய்யறதை விட்டுட்டே பாட்டி?'ன்னு கேளுங்க. எது முதல்ல வருதோ, அதுல இருந்து ஆரம்பிங்க.

வேலூர் சி.எம்.சி.யில் ஆக்குபேஷனல் தெரபிக்கு இளநிலைப் பட்டப்படிப்பே இருக்கு. பிளஸ் டூ படிக்கிற தம்பி, தங்கச்சி காதுல போட்டு வைங்க!