காருக்குள் நீர் வந்த வழி

காரின் தரைவிரிப்பு ஈரமாக இருந்தால், ஈரம் கண்ட இடத்திலேயே ஓட்டையைத் தேடாதீர்கள். நீர் தகட்டை ஒட்டியே வழியும் இயல்புடையது. கண்ணாடி விளிம்பில் புகுந்த நீர் காலடியில் வந்து தேங்கும்.

மழை பெய்ததா? பெய்யாமலே ஈரமென்றால் குளிர்சாதனத்தைச் சந்தேகிக்கலாம். 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று அதிக அளவாக 30 கிராம் நீராவியைக் கொள்ளும். 10 டிகிரியில் சுமார் 9 கிராம்தான். எஞ்சியது குளிர்ந்த குழாய்களின்மேல் நீராகப் படிந்து, சிறு வடிகுழாய் வழியே சாலையில் சொட்டும். அக்குழாய் தூசியால் அடைபட்டால் நீர் உள்ளே வழியும். நீர் வழவழப்பாக, நிறத்தோடு, இனிப்பு மணத்துடன் இருக்கிறதா? அது வெப்பமூட்டியிலிருந்து கசியும் எஞ்சின் குளிர்விப்பு நீர்மம். நச்சுப்பொருள், சுவைத்துப் பார்க்க வேண்டாம்.

இனி மழைநீர். கதவுக்குள் நீர் புகுவது குற்றமே அன்று! ஏறியிறங்கும் கண்ணாடியை ஒட்டி அது இறங்கத்தான் செய்யும். கதவின் அடித்துளைகள் அதை வெளியேற்றும். அவற்றில் சேறு அடைந்தால்தான் தொல்லை. முன்கண்ணாடிக்குக் கீழுள்ள வடிகாலைச் சருகுகள் அடைக்கும். மரநிழலில் காரை நிறுத்துவோர் கவனிக்க. விளிம்புகளில் பசை பூசுமுன் இவற்றைத் துப்புரவு செய்யுங்கள்.

பிறகும் கசிந்தால் ஒரு சோதனை. திறந்த வெளியில் காரை நிறுத்திக் கதவுகளை மூடி, வெளிக்காற்றை உள்ளிழுக்கும் நிலையில் விசிறியை முழு வேகத்தில் ஓட்டுங்கள். உள்ளழுத்தம் சற்றே உயரும். வெளியே ரப்பர் விளிம்புகளில் சோப்புநீர் தடவுங்கள். குமிழி எழும் இடத்தில் இடைவெளி இருக்கிறது. (சைக்கிள் ட்யூபை நீரில் அமிழ்த்திப் பார்ப்பதும் இதே தத்துவந்தான்.)

கசிவை அடைத்தபின் விரிப்பின் அடியிலுள்ள பஞ்சையும் எடுத்து உலர்த்துங்கள். அது பல நாள் நீரைப் பிடித்து வைத்துத் தரைத் தகட்டைத் துருப்பிடிக்கச் செய்யும்.