சின்னத்திரைச் சிரிப்பு – 9: ஜிம்முக்குள் ஒரு சிரிப்புத் தொடர்

கார்டன் பிரிட்டாஸ் கெட்டவர் இல்லை. அவரிடம் வேலை பார்க்கிறவர்களின் கஷ்டமே அதுதான். 1991 ஜனவரியில் பிபிசியில் தொடங்கிய 'தி பிரிட்டாஸ் எம்பயர்' தொடரின் நாயகன் அவர். விட்பரி நியூ டவுன் என்ற கற்பனை ஊரின் விளையாட்டு வளாகத்துக்கு மேலாளர். நீச்சல் குளம், ஸ்குவாஷ் கூடம், உடற்பயிற்சிக்கூடம் எல்லாம் ஒரே கூரைக்குள். மனிதர்கள் உடம்பைப் பேணி விளையாட்டில் இறங்கிவிட்டால் உலகத்தில் சண்டையே இருக்காது என்று மனதார நம்புகிறார். அந்த நம்பிக்கையோடு அவர் எடுக்கும் முடிவுகள்தான் வாராவாரம் யாரையாவது படுக்கையில் தள்ளுகின்றன.

ரிசப்ஷனில் இருக்கும் கரோலுக்குக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. மேசை டிராயருக்குள் வைத்தே வளர்க்கிறாள். துணை மேலாளர் காலினுக்குக் கையில் ஆறாத புண். இன்னொரு துணை மேலாளர் லாராவுக்கு மட்டும்தான் நிதானம் உண்டு. மொத்த வளாகமும் அவளால்தான் நிற்கிறது. பிரிட்டாஸாக நடித்தவர் கிறிஸ் பேரி. முதல் ஐந்து சீசன்களை ரிச்சர்ட் ஃபீகனும் ஆண்ட்ரூ நாரிஸும் எழுதினார்கள். ஐந்தாவதின் முடிவில் தண்ணீர்த் தொட்டி மேலே விழுந்து பிரிட்டாஸ் இறந்துபோகிறார். சொர்க்கத்தில் இருப்பவர்களாலும் அவரைத் தாங்க முடியாமல் பூமிக்கே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அந்த இருவரும் விலகிய பிறகு வந்த இரண்டு சீசன்களில் பழைய வேகம் இல்லை. 1997-ல் தொடர் முடிந்தது.

அமெரிக்காவிலும் முயன்றார்கள். 1995 ஜனவரி 11-ம் தேதி 'டபிள்யூபி' சானல் தொடங்கிய அன்றே நான்கு நகைச்சுவைத் தொடர்களை இறக்கியது. அதில் 'மசில்' என்பது முழுக்க ஒரு ஜிம்மில் நடப்பது. மெகா சீரியல்களைக் கேலி செய்யும் பாணி. 13 எபிசோடுகளோடு நின்றுபோனது. அதில் ஜிம் வெறும் செட். விட்பரியில் அந்தக் கட்டடமே ஒரு பாத்திரம். என் கணக்கில் வித்தியாசம் அவ்வளவுதான்.

ஜிம் ஏன் சிரிப்புத் தொடருக்கு இவ்வளவு பொருந்துகிறது? சிட்காமுக்கு ஒரு கட்டாயம் உண்டு: ஆட்கள் மாறக்கூடாது. இந்த வாரம் கஞ்சனாக இருந்தவன் அடுத்த வாரமும் கஞ்சனாகவே வர வேண்டும். பார்ப்பவர்கள் அவனைத் தேடித்தான் டி.வி.யைப் போடுகிறார்கள். ஜிம்முக்கு வருகிறவர்களோ மாறுவதற்காகவே வருகிறவர்கள். தொப்பை குறையணும், தோள் அகலணும், கல்யாணத்துக்குள் ஆள் தேறணும். மாறத் துடிக்கிற மனிதர்களை, மாறவே முடியாத ஒரு கதை வடிவத்துக்குள் நிறுத்திப் பாருங்கள். சிரிப்பும் வரும், அவர்கள் மேல் பிரியமும் வரும்.

நம் தமிழ்ச் சின்னத்திரை இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம். நம் டி.வி. நகைச்சுவை சபா நாடகத்திலிருந்து வந்தது. மேடையில் ஒரு செட்தான் போட முடியும். அதனால் நடுவில் சோபா, ஒரு ஓரத்தில் டெலிபோன், உள்ளே சமையலறைக்கு ஒரு வாசல் என்று ஆனது. எஸ்.வி.சேகர், கிரேஸி மோகன் போன்றவர்கள் அந்த ஒரு ஹாலுக்குள்ளேயே பெரிய வித்தை காட்டினார்கள். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. தூர்தர்ஷன் செவ்வாய்க்கிழமை நாடகங்களிலும் அதே ஹால். பிறகு பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்து நாகா இயக்கிய 'ரமணி vs ரமணி' வந்தது. கணவன் மனைவி, வீடு. 'சின்ன பாப்பா பெரிய பாப்பா' வந்தது. மாமியார் மருமகள், வீடு. அதில் பட்டாபியாக எம்.எஸ்.பாஸ்கர் செய்ததை இன்றைக்கும் ஜனங்கள் நடித்துக் காட்டுகிறார்கள். இப்போது யூடியூபில் நக்கலைட்ஸ் குழு கொங்குப் பேச்சை அப்படியே கொண்டுவந்து ஜெயித்திருக்கிறது. அவர்களுடைய 'அம்மா அலப்பறைகள்' என்ற தலைப்பிலேயே வீடு இருக்கிறது.

இந்தியில் வீட்டை விட்டு எப்போதோ வெளியே வந்துவிட்டார்கள். 1986-ல் குந்தன் ஷாவும் சயீத் மிர்சாவும் இயக்கிய 'நுக்கட்' ஒரு தெருமுனையில் நடந்தது. 1993-ல் 'ஜபான் சம்பால்கே' மொழி வகுப்பில். 2001-ல் 'ஆபீஸ் ஆபீஸ்' அரசு அலுவலகத்தில். சொந்தபந்தம் இல்லாத ஆட்கள் ஒருவரையொருவர் சகித்துக்கொண்டே ஆக வேண்டிய இடங்கள் அவை. வீட்டில் கோபித்துக்கொண்டால் உறவு சேர்த்துவைக்கும். இங்கே சேர்த்துவைக்க யாரும் கிடையாது.

எங்கள் இளம்பிள்ளையில் அப்படி ஒரு இடம் தயாராகவே இருக்கிறது. சேலைக்குப் பேர்போன ஊர். தெருவுக்குத் தெரு விசைத்தறிச் சத்தம். வெளிமாநில வியாபாரிகள் வந்து மூட்டை மூட்டையாக எடுத்துப்போகிறார்கள். கீழே சேலைக்கடை, மாடியில் ஜிம். காலை ஐந்தரை மணிக்கு நைட் ஷிப்ட் முடித்த பையன் நேரே மாடி ஏறுகிறான். தலைமுடியில் பஞ்சு அப்படியே ஒட்டியிருக்கிறது. ஆறு மணிக்குத் தறிப் பட்டறை முதலாளி வருகிறார், சர்க்கரைக்காக டாக்டர் சொல்லி அனுப்பியவர். கடைக்காரர் மகன் கண்ணாடியை விட்டு நகருவதில்லை. பத்து மணிக்கு மேல் பெண்களுக்கான நேரம். அதற்குள் ஆம்பிளைகள் படி இறங்கியாக வேண்டும் என்பதில் மாஸ்டர் கறார்.

அங்கே நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். முதலாளி பெஞ்சில் மல்லாக்கப் படுத்திருக்கிறார். கம்பி நெஞ்சுக்கு மேலே. தலைமாட்டில் நின்று அதைத் தாங்கிக்கொள்ள ஆள் வேண்டும். நிற்பவன் அவர் பட்டறையிலேயே தறி ஓட்டுகிறவன்.

"புடிச்சிருக்கியாப்பா?"

"புடிச்சிருக்கேனுங்க. நீங்க தைரியமா ஏத்துங்க."

கம்பி மேலே போய் நடுங்குகிறது. அவன் இரண்டு விரலால் ஏந்திக்கொள்கிறான்.

"மொதலாளி, மூச்ச அடக்காதீங்க. விடுங்க."

பட்டறையில் அவனுக்குக் கொடுத்த அட்வான்ஸ் பாக்கி இருக்கிறது. இருவருக்குமே அது தெரியும். மாடியில் அந்தப் பேச்சு எழவில்லை. அவன் எண்ணிக்கொண்டிருந்தான், அவர் ஏற்றிக்கொண்டிருந்தார். எட்டு முடிந்ததும் எழுந்து உட்கார்ந்து, "நாளைக்கும் இதே நேரத்துக்கு வந்துருவல்ல?" என்று கேட்டார். பட்டறையில் அவர் அப்படிக் கெஞ்சலாகக் கேட்டு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அட்வான்ஸ், கூலி, தீபாவளி போனஸ் என்று விசைத்தறித் தொழிலின் மொத்த விவகாரமும் அந்த ஒரு பெஞ்சில் இருக்கிறது. கூலி உயர்வு கேட்டுத் தறியை நிறுத்தும் வாரத்தில் அந்தப் பையன் தலைமாட்டில் வந்து நிற்பானா? முதலாளி அவனை நம்பிப் படுப்பாரா? இப்படி ஒரு கேள்விக்கு ஒரு எபிசோடு எழுதலாம். செலவும் பெரிதில்லை. ஒரு மாடி, ஆறேழு பாத்திரங்கள், மூன்று கேமரா. சபா நாடகம் கற்றுக்கொடுத்த ஒரே செட் சிக்கனம் இங்கேயும் அப்படியே உதவும். வசனத்தை மட்டும் இந்த ஊர்ப் பேச்சில் எழுத வேண்டும். சென்னைத் தமிழில் எழுதிவிட்டு நடுநடுவே 'ங்க' சேர்த்தால் இரண்டாம் வாரமே குட்டு வெளிப்பட்டுவிடும்.

முதல் எபிசோடை மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் வைக்கலாம் என்பது என் யோசனை. காலை ஒன்பதிலிருந்து ஊர் முழுக்கக் கரண்ட் கிடையாது. தறிகள் நின்றுவிடுகின்றன. டிரெட்மில்லும் ஓடாது, ஃபேனும் சுற்றாது; இரும்பைத் தூக்கக் கரண்ட் தேவையில்லை. தினமும் வேறு வேறு நேரத்தில் வருகிற முதலாளி, தறிக்காரப் பையன், கடைக்காரர் மகன், தறி மெக்கானிக், சேலை எடுக்க வந்து மாட்டிக்கொண்ட கர்நாடக வியாபாரி எல்லாரும் அன்றைக்கு ஒரே நேரத்தில் மாடி ஏறிவிடுகிறார்கள். இருப்பது ஒரே பெஞ்ச். பெண்கள் நேரத்துக்கு இன்னும் பத்து நிமிடம்தான் பாக்கி. மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வாசலில் நிற்கிறார்.

(தொடரும்)