இமிகிரேஷன் வேலைக்கு ஏஜென்ட் கிடையாது

கோவை கணபதியில் பகலில் லேத் பட்டறை, இரவில் போட்டித் தேர்வுப் புத்தகம் என்று இருக்கும் பையன்கள் அதிகம். பீளமேட்டு விமான நிலையமும் பக்கம்தான். அங்கே பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தும் அதிகாரி வேலையை வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் ஆசை வருவது இயல்பு. அந்த ஆசையைத்தான் விலை பேசுகிறார்கள்.

குடியேற்றச் சோதனையைக் கவனிப்பது மத்திய உள்துறையின் கீழ் இயங்கும் குடியேற்றப் பணியகம். அது உளவுத்துறையான ஐ.பி.யோடு சேர்ந்தது. ஆள் எடுப்பதில் விமான நிலைய நிர்வாகத்துக்கோ விமான நிறுவனங்களுக்கோ பங்கு இல்லை.

குடியேற்றச் சோதனைக்கும் ஆள் அனுப்பும் ஐ.பி., 2025 ஜூலையில் உதவி மத்திய உளவு அதிகாரி பணிக்கு 3,717 இடங்களை அறிவித்தது. பட்டம் கட்டாயம், வயது 18 முதல் 27 வரை, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. முதல் கட்டம் 100 மதிப்பெண்ணுக்குக் கொள்குறி வினா, தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழிவு. அடுத்து எழுத்துத் தேர்வு, பிறகு நேர்காணல். தேறியவரின் பின்னணியையும் விசாரிப்பார்கள். அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாயில் தொடங்கும். அதே மாதம் பாதுகாப்பு உதவியாளர் பணிக்கு 4,987 இடங்கள் வந்தன. அதற்குப் பத்தாம் வகுப்பும் உள்ளூர் மொழி அறிவும் வேண்டும். அதற்கும் தேர்வு உண்டு.

இந்த விதிகளே மோசடியைக் காட்டிக் கொடுத்துவிடும். டிப்ளமோ மட்டும் முடித்தவருக்கு உதவி மத்திய உளவு அதிகாரி பதவி என்றாலே பொய். பரீட்சை இல்லை, 'நேரடி போஸ்டிங்' என்றால் சந்தேகமே வேண்டாம். 2025 அறிவிப்பில் பொதுப் பிரிவு ஆண்களுக்கே விண்ணப்பக் கட்டணம் மொத்தம் 650 ரூபாய்தான். அதையும் ஆன்லைன் விண்ணப்பத்தோடுதான் கட்ட வேண்டியிருந்தது. யாருடைய ஜிபே எண்ணுக்கும் அனுப்பச் சொல்ல மாட்டார்கள்.

போலி நியமனக் கடிதத்தில் சிங்க முத்திரை பளிச்சென்று இருக்கும். கீழே ஜிமெயில் முகவரி, 'பயிற்சிக் கட்டணம், திருப்பித் தரப்படும்' என்றொரு வரி. ஐ.பி.யின் நியமனக் கடிதம் ஜிமெயிலில் வராது. முத்திரையைப் பார்த்து மயங்கும் பெற்றோர் நகையை அடகு வைக்கிறார்கள் என்பதுதான் என்னைக் கலங்க வைக்கிறது. அந்தக் கடிதத்தை உண்மையென்று எங்காவது நீட்டினால் பையனும் விசாரணைக்குள் இழுக்கப்படலாம்.

பணம் கொடுத்தாகிவிட்டது என்றால் அவமானம் பார்த்துத் தாமதிக்காதீர்கள். உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். பணம் வேறு கணக்குக்குப் போவதற்குள் மோசடிக்காரரின் கணக்கை முடக்க வாய்ப்புண்டு. பேசிய எண், வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய ரசீது எதையும் அழிக்க வேண்டாம்.